காமிரா நின்ற இடம்

வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் டிவி ரிமோட்டைக் கீழே வைத்தார். "பேசாம உட்கார்ந்து, கையால பேசறவங்களைப் பார்க்கணும். அதுக்குச் சம்பளம். அவ்வளவுதானே? நீ வாயை மூடிட்டு இருக்கக் காசு வாங்குவேன்னு தெரிஞ்சிருந்தா நானே எப்பவோ கொடுத்திருப்பேனே!" என்றார். கட்டிடக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர் அவர். எதையும் அளந்துதான் பேசுவார், என்னைக் கிண்டல் செய்வதைத் தவிர.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் இருந்தோம். மதுரையில் மொழியியல் எம்.ஏ. முடித்த என் சான்றிதழ் சூட்கேஸின் அடியில் கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, மொழியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணைத் தேடுகிறார் என்று பக்கத்து ஃப்ளாட் அக்கா சொன்னார். பெண் என்பதுதான் முக்கியத் தகுதியாம். ஏன் என்று போன பிறகுதான் தெரிந்தது.

மலைகளைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன மீனவர் குடியிருப்பு. அங்கே ஒரு பெரிய அரபுக் குடும்பம். பல தலைமுறைகளாக அதில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. அவர்களுக்குள்ளேயே ஒரு சைகை மொழி வளர்ந்திருந்தது. நகரத்துப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரும் சைகை மொழிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காது கேட்கிறவர்களும் அந்த வீட்டில் கையால்தான் பேசுவார்கள். இந்த மொழியின் இலக்கணத்தை எழுதத்தான் பேராசிரியை வந்திருந்தார். வீட்டுப் பெண்களைப் படம் பிடிக்கச் சம்மதித்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். வெளி ஆண் யாரும் அந்த டேப்பைப் பார்க்கக் கூடாது. அதனால்தான் நான்.

வியாழக்கிழமை பேராசிரியையின் ஜீப்பில் போய்ப் படம் பிடிப்போம். மற்ற நாட்களில், வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போன பிறகு, நான் ஹாலில் தனியாக உட்கார்ந்து டேப்பை ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, ஒவ்வொரு கையும் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத வேண்டும். அந்த மொழியில் அதுதான் எல்லாம். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் நிஜமாகவே எங்கே இருக்கிறாரோ அந்தத் திசையைக் காட்டித்தான் பேசுவார்கள். கடைக்குப் போன தம்பியைச் சொன்னால் விரல் கடை இருக்கும் பக்கம் போகும். இறந்தவர்களைச் சொன்னால் மலையடிவாரத்துக் கபர்ஸ்தான் பக்கம் போகும். சுவர் மறைத்தாலும், கண்ணை மூடிக்கொண்டாலும், திசை தப்பாது. எனக்கோ எங்கள் ஃப்ளாட்டில் கிழக்கு எது என்றே தெரியாது!

முதல் வியாழக்கிழமை, காமிராவை வைக்க இடம் தேடினோம். ஹால் முழுக்கக் கம்பளம், திண்டு, பெண்கள், குழந்தைகள். ஓரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. "ஆஹா, நமக்காகவே விட்டு வைத்திருக்கிறார்கள்" என்று பேராசிரியை டிரைபாடை அங்கே விரித்தார். அறையில் எல்லாக் கைகளும் ஒரு கணம் நின்றன. நான் கவனித்தேன். வேற்றாள் முன்னால் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டின் தலைவி ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். காது கேட்காது. கணவர் இல்லை. அந்த வீட்டில் அவர் கை எழுந்தால் மற்றக் கைகள் இறங்கும். முதலில் எங்களை முறைத்தார், பிறகு டிரைபாடையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நகர்ந்து வந்து அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மற்றவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவார்கள், காமிராவுக்குப் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும். இந்த அம்மாள் மட்டும் நேராக லென்ஸுக்குள் பார்த்துப் பேசினார். பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒருவர் கிடைப்பதே அதிர்ஷ்டம் என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிர்ஷ்டம் அவருக்கு. டேப்பைப் பார்க்கிறவள் நானல்லவா?

மத்தியானம் மூன்று மணி. வெளியே வெயில் வெள்ளையாக எரிகிறது. ஹாலில் ஏ.சி. சத்தம் மட்டும். திரையில் அந்த அம்மாள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு கையை அசைக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சைகைகள் பிடிபட ஆரம்பித்திருந்தன. சாப்பிட்டாயா? ஏன் இளைத்துவிட்டாய்? உன் தலை ஏன் இன்னும் ஈரமாக இருக்கிறது? துவட்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. நான் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, தோளில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், என்னைத்தான் சொல்கிறார் என்றே நினைத்தேன். துண்டை எடுத்துப் பரபரவென்று தலையைத் துவட்டினேன். துவட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால் அம்மாள் சிரிக்கிறார். என்னைப் பார்த்து இல்லை, என் தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்து. திரும்பிப் பார்த்தேன். பால்கனிக் கதவும் அதன் பக்கத்தில் வெறுந்தரையும் தவிர ஒன்றும் இல்லை. டேப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஃப்ளாட் அக்கா வீட்டுக்குப் போய், காரணமே சொல்லாமல் காபி குடித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒருநாள் சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். சைகை மொழி டேப்பைச் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டும், சத்தம் கவனத்தைக் கலைக்கும் என்பது பேராசிரியையின் சட்டம். எனக்குத்தான் பொறுக்காதே. குழந்தைகள் ஓடும் சத்தம், வளையல் சத்தம், ஃபிரிட்ஜின் உறுமல். நடுவில் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல், நீளமாக ஒரே ஒரு ஒலி. அந்த அம்மாளின் வாய்தான் அசைந்தது. கூப்பிடுகிறார். பேராசிரியையும் நானும் வெளியே ஜீப்புக்குப் போயிருந்த நேரம் போலிருக்கிறது. சுற்றியிருந்த யாருக்கும் அது கேட்கவில்லை, அதனால் யாரும் திரும்பவில்லை. அப்போது அங்கே இருந்தவர்களில் காது கேட்கும் ஒரே ஒருவர், அம்மாளின் தங்கை மகன், எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர், எழுந்து வெளியே போனார். அவர் வெளியே போவது டேப்பிலேயே தெரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டேன். முனிசிபாலிட்டியில் வேலை, நல்ல மனிதர், என்னோடு இந்தியில் பேசுவார். "பாய், அந்த அம்மா யார்கிட்டப் பேசறாங்க? காமிராகிட்டயா, என்கிட்டயா?" என்று கேட்டேன்.

அவர் செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

அந்த அம்மாளின் ஒரே மகன் இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்னால் கடலுக்குப் போனான். படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கபர்ஸ்தான் பக்கம் விரலைக் காட்டியிருப்பார்கள். கிடைக்காததால் கடல் பக்கம்தான் காட்ட வேண்டும். அம்மாள் மாட்டேன் என்றுவிட்டார். அவன் கடலில் இல்லை என்றார். அவன் எப்போதும் உட்காரும் தூணோரத்தைக் காட்டி, இங்கே இருக்கிறான் என்றார். அன்றிலிருந்து அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை, அதன் மேல் நடப்பதில்லை. மகனைப் பற்றிப் பேசினால் வீட்டில் எல்லார் விரலும் அங்கேதான் போகும்.

"மார்க்கத்தில் இதெல்லாம் மாஃபி, கிடையாது, பஹன். பள்ளிவாசலில் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் எங்கள் கைக்குப் பழகிவிட்டது" என்றார்.

அந்த இடத்தில்தான் நாங்கள் டிரைபாடை நிறுத்தியிருந்தோம். அம்மாள் மகனோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அவன் இருந்த இடத்திலிருந்து, அவன் கண்ணால், நான் தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமான விஷயத்தைக் கடைசியில் சொன்னார். அந்த மகனுக்கு மனைவி இருந்தாள். அம்மாளுடைய அண்ணன் மகள்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், அவளுக்கும் காது கேட்காது. எங்களுக்குக் கஹ்வா காபியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைப்பவள் அவள்தான். கோர்ட்டில் எல்லாக் காகிதமும் முடிந்துவிட்டது, சட்டப்படி அவள் விதவை. வேறொரு ஊரிலிருந்து சொந்தக்காரர்களே பெண் கேட்டு வந்தார்கள். பையனுக்கும் இவளைப் பிடித்திருந்தது, இவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அம்மாளின் விரல் தூணோரத்துக்குப் போனது: இவளுடைய புருஷன் இதோ இருக்கிறானே! வந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். புருஷன் உட்கார்ந்திருக்கும் ஹாலில் யார் பெண் கேட்பார்கள்? பெருநாள் முடிந்து இன்னும் ஒரே ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அப்போதும் விரல் அங்கேதான் போனால், அத்தோடு கலாஸ்.

இதைப் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பிறகு சமாளித்துக்கொண்டு, நாம் ஆராய வந்தவர்கள், இவர்கள் குடும்பத்தில் தலையிட வந்தவர்கள் இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காமிராவைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாயிற்று, இதில் தலையிடவில்லையாம்! டிரைபாடையாவது எடுத்துவிடலாம் என்று கை வைத்தார். அம்மாள் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது அங்கேயே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு டேப் பார்ப்பது என்றாலே எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அம்மாள் கேட்கும் கேள்விகளுக்கு என் கை தானாகவே பதில் சொல்ல ஆரம்பித்தது. சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். குளிருகிறதா? ஏ.சி.யைக் குறைத்துவிட்டு, இல்லை என்பேன். சில நேரம், நான் பதில் சொல்லி முடிக்கும் வரை அவர் காத்திருந்துவிட்டு அடுத்ததைக் கேட்பது போலவே இருக்கும். அது முன்னாலேயே பதிவான டேப், நான் சொல்வதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தெரியும். தெரிந்தும் பதில் சொன்னேன். சொல்லாமல் விட்ட நாட்களில் அவர் முகம் வாடியது போல் இருந்தது.

"ஏம்மா, தூக்கத்துல கையை ஆட்டறே" என்றார் வீட்டுக்காரர் ஒருநாள். "யாரையோ இங்க இருக்கான், இங்க இருக்கான்னு காட்டிட்டே இருக்கே."

பெருநாளுக்கு முந்தைய வியாழக்கிழமை அம்மாள் என்னைக் கூப்பிட்டுத் தன் எதிரில் உட்காரச் சொன்னார். என்னோடு அவர் நேரடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நிதானமாகக் கையை அசைத்தார், எனக்குப் புரிய வேண்டும் என்று.

நான் இங்கே பேசுவதை நீதானே பார்க்கிறாய்?

ஆமாம்.

எங்கே உட்கார்ந்து பார்க்கிறாய்?

துபாய் என்று சொல்ல, வந்த ரோட்டைப் பார்த்து விரலை நீட்டினேன். அவர் 'ச்' என்று சலித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து, வேறு பக்கம், மலையை நோக்கித் திருப்பி வைத்தார். அவர் சொன்னதுதான் சரி, அப்புறம் மேப்பில் பார்த்துக்கொண்டேன்.

அப்படியானால், என்றார் தூணோரத்தைக் காட்டி, இவன் பார்ப்பதெல்லாம் உன் வீட்டிலிருந்துதான் பார்க்கிறான்.

அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. காமிரா என்றால் என்ன, டேப் என்றால் என்ன என்று பேராசிரியை அளவுக்கு அவருக்கும் தெரியும். நான் நிமிர்ந்தேன். சமையலறை வாசலில் அந்த மருமகள் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இப்போது என்ன சொல்கிறேனோ அதில்தான் அவள் வாழ்க்கை இருந்தது. தட்டில் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. அந்த அறையில் அந்தச் சத்தம் கேட்டது எனக்கும் பேராசிரியைக்கும் தங்கை மகனுக்கும்தான்.

அம்மாள் மறுபடி கை எடுத்தார். இவள் போகலாம். எனக்கும் தெரியும், சின்னப் பெண். ஆனால் இவனை எங்கே வைப்பேன்? கடலில் வைக்க மாட்டேன். இந்த வீட்டில் வைத்தால் இவளால் போக முடியாது. வேறு யார் வீட்டிலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், பயப்படுகிறார்கள். இடமில்லாமல் எப்படி விடுவேன் என் பிள்ளையை?

யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்தும், அன்று கை முந்தியது. எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. வரட்டும்.

அம்மாள் எழுந்து, டிரைபாடைத் தன் கையாலேயே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். வெறும் கம்பளத்துக்குக் குனிந்து, உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்புவதைப் போலக் கை கொடுத்தார். மெல்ல நடந்து வாசலுக்கு வந்தார். கூட ஒருவர் நடக்கும் அளவுக்குப் பக்கத்தில் இடம் விட்டு நடந்தார். வீடே ஒதுங்கி வழிவிட்டது. ஜீப்பின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கால் இடிக்காமல் பார்த்து, மெதுவாகச் சாத்தினார்.

ஜீப் மலையைக் கடந்துகொண்டிருந்தது. காமிராப் பை, லேப்டாப், தண்ணீர் பாட்டில், அவர்கள் கட்டிக்கொடுத்த மீன், எல்லாம் என் மடியிலும் காலடியிலும். பின் சீட் முழுக்கக் காலி. எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு பையைத் தூக்கிப் பின்னால் போடவில்லை. அவர் ரியர் வியூ கண்ணாடியை மட்டும் ஒருதடவை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? பர் துபாய்ல ஒரு பெட் ஸ்பேஸுக்கு, ஒரு கட்டில் போடற இடத்துக்கு, ஜனங்க அடிச்சுக்கிறாங்க. நீ என்னடான்னா சும்மா கூட்டிட்டு வந்திருக்கே!" என்று கத்தினார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "எங்க இருக்கான்?" என்றார். பால்கனிக் கதவோரத்து வெறுந்தரையைக் காட்டினேன். "காத்து வரும், பரவாயில்ல" என்றார். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார். நானும்தான்.

பெருநாள் முடிந்து பெண் கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்து கஹ்வா குடித்தார்களாம். அம்மாள் மகனைப் பற்றிச் சொன்னபோது விரல் தூணைத் தொடாமல் மலைக்கு மேலே, துபாய் பக்கம் போனது. மகன் வெளியூரில் இருக்கிறான், இந்த ஹாலில் இல்லை. கல்யாணம் நடந்தது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஆனால் அதற்குப் பிறகு, மத்தியானங்களில் அந்த ஹாலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அங்கே அந்த விரல் என்னை நோக்கி நீள்கிறது என்ற நினைப்பு வரும். கழுத்துக்குப் பின்னால் குளிரும்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மீனா பஜாரில் துணி எடுக்க வந்தார்களாம். புதுப் புருஷன் கீழே காரில் இருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எங்கே, என்று கேட்டாள். காட்டினேன்.

அந்த இடத்துக்கு எதிரில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு அவள் முழங்கைகள் அசைய ஆரம்பித்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. கையைத் தூக்கினால் ஹால் முழுக்கப் படித்துவிடும். இத்தனை வருஷமும் தன் புருஷனிடம் ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல அவளுக்கு இடமே இருந்ததில்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். காதில் விழக் கூடாதென்று குழாயைத் திறந்தேனாம், கூறுகெட்டவள்! சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு கை அசைவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதியவள் நான். அதை மட்டும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடத்தை இன்னும் வைத்திருக்கட்டுமா என்று கையால் கேட்டேன்.

அவள் எழுந்து பால்கனியில் விழும் வெயிலைப் பார்த்தாள். பார்த்து, திசை பிடித்துத் திரும்பினாள். எங்கள் ஃபிரிட்ஜ் இருக்கும் சுவர்ப்பக்கம், கிழக்கே, கையை நீட்டினாள். மேலே இல்லை, கீழ்நோக்கி, ஆழமாக. கடல். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அவனை அந்தப் பக்கம் காட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். கை ஓயும் வரை அப்படியே பிடித்திருந்தாள்.

அங்கேதான் இருக்கிறார், என்றாள். படகைக் கொண்டுவந்த அன்றே எனக்குத் தெரியும். சொல்லத்தான் விடவில்லை.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு விலகி நின்று, அத்தைக்கு இது தெரிய வேண்டாம் என்றாள். அவருக்கு மகன் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

கீழே கார் காத்திருந்தது. பையை எடுக்கப் பால்கனிக் கதவோரம் வந்தாள். கதவுக்கும் சோபாவுக்கும் நடுவில் நேராக நடந்தால் இரண்டே எட்டு. அவள் அந்த வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.